அதே மோட்டார், அதே பேட்டரி: ரோட்டில் ஓடுவது தண்ணீரில் ஏன் திணறுகிறது?

60 யூனிட் பிடிக்கும் பேட்டரி ஒன்றை எடுத்துக்கொள்வோம். யூனிட் என்று நான் சொல்வது கரண்ட் பில்லில் வரும் அதே யூனிட்தான். பொறியாளர்கள் கிலோவாட்-மணி என்பார்கள். இந்தப் பேட்டரியை நடுத்தர மின்சாரக் கார் ஒன்றில் வைத்தால், ஏசியும் போட்டுக்கொண்டு 350 முதல் 400 கிலோமீட்டர் போகலாம். சென்னையில் ஏறினால் திருச்சி வந்துவிடும். அதையே கழற்றி, 100 கிலோவாட் மோட்டார் பூட்டிய வேகப் படகில் வைத்து முழு வேகத்தில் விரட்டினால் 36 நிமிடத்தில் காலி. மணிக்கு 55 கிலோமீட்டர் வேகம் என்று வைத்தாலும் 33 கிலோமீட்டர்தான். கரைக்குத் திரும்பி வரவும் வேண்டும் என்றால் அதில் பாதி.

சரி, படகுக்கு மின்சாரம் ஒத்துவராது என்று முடிவு கட்டிவிடலாமா? அதற்கு முன் மூன்றாவது கணக்கு ஒன்று இருக்கிறது. அதே பேட்டரியை, கேரளத்தின் வேம்பநாட்டுக் காயலில் 75 பேரை ஏற்றிச் செல்லும் ஒரு பயணிகள் படகில் வைத்தால், கிட்டத்தட்ட நாலு மணி நேரம் ஓடும். ஒரே பேட்டரிக்கு மூன்று விதமான விதி.

இந்தக் கணக்கை நான் போட்டதற்குக் காரணம் நாகப்பட்டினம் பக்கம் ஃபைபர் படகு வைத்திருக்கும் என் தாய்மாமா. போன பொங்கலுக்குப் போயிருந்தபோது கேட்டார்: "மாப்ளே, பையன் கரண்ட் ஸ்கூட்டர் வாங்கிட்டான். ஒரு சார்ஜுக்கு நூறு கிலோமீட்டர் ஓடுது. எனக்கு அதே மாதிரி ஒரு மோட்டார் படகுக்குக் கிடைக்காதா?" அந்த ஸ்கூட்டரில் இருப்பது 3 யூனிட் பேட்டரி. மாமாவின் படகில் இருப்பது 10 குதிரைத்திறன், அதாவது சுமார் 7.5 கிலோவாட் மோட்டார். 3 யூனிட்டை வைத்துக்கொண்டு அவர் முழு வேகத்தில் அரை மணி நேரம்கூட ஓட முடியாது. அலை உடையும் இடத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போவதற்குள் துடுப்பு போட வேண்டியதுதான்.

அவர் கேட்ட கேள்வி பழையது. 1881 ஏப்ரலில் பாரிஸில் குஸ்தாவ் த்ரூவே என்பவர் ஒரு மூன்று சக்கர வண்டியில் சின்ன மின் மோட்டாரைப் பூட்டித் தெருவில் ஓட்டிக் காட்டினார். அடுத்த மாதமே மோட்டாரையும் பேட்டரியையும் ஒரு படகுக்கு மாற்றி சேன் ஆற்றில் விட்டார். கழற்றி எடுத்துப்போகிற மாதிரி அவர் படகின் பின்பக்கம் மாட்டிய அந்தக் கருவிதான் இன்றைய அவுட்போர்டு மோட்டார்களின் முன்னோடி. அதற்கும் 40 ஆண்டுக்கு முன்பே, 1830களின் கடைசியில், யாக்கோபி என்பவர் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் நேவா ஆற்றில் பத்துப் பன்னிரண்டு பேரை வைத்து மின்சாரப் படகு ஓட்டியிருக்கிறார். அதாவது, கார் என்று ஒன்று உருப்படியாக வருவதற்கு முன்பே மின்சாரப் படகு வந்துவிட்டது. முதலில் வந்தது ஏன் பின்தங்கியது என்பதுதான் விஷயம்.

தண்ணீர் வாங்கும் வரி

கார் ஒரு தடவை வேகம் பிடித்துவிட்டால் அதைத் தக்கவைக்க அதிகம் செலவில்லை. 100 குதிரைத்திறன் காருக்கு நெடுஞ்சாலையில் 90, 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓட 20 அல்லது 25 குதிரைத்திறன் போதும். மீதி எல்லாம் முந்துவதற்கும் மலை ஏறுவதற்கும் வைத்திருக்கும் கையிருப்பு. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலும் கார் தானாக உருண்டுகொண்டே போகும்.

படகில் காலை எடுத்துப் பாருங்கள். நாலைந்து படகு நீளத்துக்குள் நின்றுவிடும். தண்ணீர் காற்றைவிடச் சுமார் 800 மடங்கு அடர்த்தி. படகு ஓட்டுவது முடிவே இல்லாத ஒரு மேட்டில் கார் ஏற்றுவது மாதிரி, இறக்கமே வராது.

அதிலும் மோசமானது படகு தானே உண்டாக்கும் அலை. படகு நகரும்போது முன்பக்கம் ஒரு அலை எழும்பும். வேகம் கூடக் கூட அந்த அலை நீளமாகும். ஒரு கட்டத்தில் அலையின் நீளமும் படகின் நீளமும் ஒன்றாகிவிடும். அதற்கு மேல் படகு தன் சொந்த அலையின் மேல் ஏற முயல்கிறது. பின்பக்கம் தாழ்ந்து மூக்கு தூக்கும். எவ்வளவு எரிபொருள் ஊற்றினாலும் வேகம் கொஞ்சம்தான் கூடும். இந்த எல்லையைத் தோராயமாகக் கணக்கிட எளிய வழி உண்டு: தண்ணீரில் படும் நீளத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை நாலரையால் பெருக்கினால் மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று வரும். 9 மீட்டர் படகுக்கு 13.5. 16 மீட்டர் படகுக்கு 18. தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும் பெரும்பாலான படகுகளுக்கு இது பொருந்தும். தண்ணீருக்கு மேல் எழும்பி வழுக்கிச் செல்லும் வேகப் படகுகள் இதைத் தாண்டுகின்றன. அதற்கான விலையை, அந்த 36 நிமிடக் கணக்கில் பார்த்தோமே, அப்படிக் கட்டுகின்றன.

அந்த எல்லைக்குக் கீழேயும் சலுகை இல்லை. வேகத்தை இரண்டு மடங்காக்கினால் தேவைப்படும் திறன் சுமார் எட்டு மடங்காகும். திருப்பிப் பார்த்தால் இதுவே நல்ல செய்தி. 12 கிலோமீட்டர் வேகத்தில் போகும் படகு 9 கிலோமீட்டருக்கு இறங்கினால் பயண நேரம் மூன்றில் ஒரு பங்கு கூடும். ஆனால் மொத்தச் செலவு கிட்டத்தட்டப் பாதியாகும். மின்சாரக் காரில் வேகத்தைக் குறைத்தால் கொஞ்சம் மிச்சம். படகில் குறைத்தால் அது வேறு படகாகவே ஆகிவிடும்.

எடைக் கணக்கையும் இங்கேயே முடித்துவிடலாம். ஒரு லிட்டர் டீசலில் சுமார் 10 யூனிட் ஆற்றல் இருக்கிறது. சின்ன டீசல் இன்ஜின் அதில் மூன்றில் ஒரு பங்கைத்தான் சுழற்சியாக மாற்றும். மீதி வெப்பமாகப் போகும். அப்படியே கழித்தாலும் லிட்டருக்கு 3 யூனிட்டுக்கு மேல் கையில் நிற்கிறது. அந்த 3 யூனிட்டைப் பேட்டரியில் கொண்டுபோக, பெட்டி, கம்பி, குளிரூட்டி எல்லாம் சேர்த்து 20 கிலோ வேண்டும். ஒரு கிலோகூட இல்லாத டீசலுக்கு 20 கிலோ பேட்டரி. காரில் இதைச் சமாளிக்கலாம், ஏனென்றால் காருக்குத் தேவையே கம்மி.

ஹைபிரிட் என்ற ஒரே சொல், இரண்டு பொருள்

பேட்டரி மட்டும் போதாது என்றால் இன்ஜினையும் பேட்டரியையும் சேர்த்து வைக்கலாமே? காரில் அப்படித்தானே செய்கிறார்கள்? இங்கேதான் பெரும்பாலானவர்கள் வழுக்குகிறார்கள். காரில் ஹைபிரிட் எதைச் சேமிக்கிறது என்று கேட்டுக்கொண்டால்தான் படகில் அது ஏன் அப்படியே எடுபடாது என்பது விளங்கும்.

பெட்ரோல் இன்ஜினுக்கு ஒரு குணம்: நன்றாக வேலை வாங்கினால்தான் சிக்கனமாக இருக்கும். நல்ல ஹைபிரிட் கார் இன்ஜின் தனக்குப் பிடித்த சுமையில் ஓடும்போது எரிபொருளின் ஆற்றலில் 40 விழுக்காடு வரை பயனாக்கும். அதே இன்ஜின் அண்ணா சாலை நெரிசலில் ஊர்ந்தால் அதில் பாதிகூடத் தேறாது. சிக்னலில் நின்றால் சுழியம். அதோடு, ஒவ்வொரு தடவை பிரேக் அடிக்கும்போதும், காசு கொடுத்து வாங்கிய வேகத்தைச் சூடாக்கிக் காற்றில் விடுகிறோம். ஹைபிரிட் இந்த மூன்று ஓட்டைகளையும் அடைக்கிறது. பிரேக்கில் போவதைப் பேட்டரிக்குத் திருப்புகிறது, நிற்கும்போது இன்ஜினை அணைக்கிறது, இன்ஜினை அதற்குப் பிடித்த சுமையிலேயே ஓடவிட்டு மிச்சத்தைச் சேமிக்கிறது.

1997 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டொயோட்டா பிரியஸ் இதை ஒரு பல்சக்கரத் தொகுதியால் சாதித்தது. நடுவில் ஒரு சக்கரம், அதைச் சுற்றிச் சின்னச் சக்கரங்கள், எல்லாவற்றையும் வளைத்து வெளியே ஒரு வளையம். நடுச் சக்கரத்தில் ஜெனரேட்டர், சின்னச் சக்கரங்களைத் தாங்கும் சட்டத்தில் இன்ஜின், வெளி வளையத்தில் மோட்டாரும் வண்டியின் சக்கரமும். ஜெனரேட்டரை வேகமாகவோ மெதுவாகவோ சுற்றவிடுவதன் மூலம், கியர் மாற்றாமலேயே இன்ஜின் வேகத்தைக் காரின் வேகத்திலிருந்து பிரித்துவிடலாம். எனக்குத் தெரிந்து சாதாரண ஆட்கள் ஓட்டும் வண்டியில் இவ்வளவு அழகான இயந்திரம் குறைவு. 2022இல் நம் ஊருக்கு வந்த மாருதி கிராண்ட் விட்டாரா ஹைபிரிட்டும் இதே டொயோட்டா ஏற்பாட்டில்தான் ஓடுகிறது. சோதனைக்கூடக் கணக்கில் அதன் மைலேஜ் லிட்டருக்கு 27.97 கிலோமீட்டர். ரோட்டில் அவ்வளவு வராது என்பது வேறு விஷயம். ஆனால் இந்த வகைக் கார்கள் நெடுஞ்சாலையைவிட ஊருக்குள் நல்ல மைலேஜ் தருவதுண்டு என்பதைக் கவனியுங்கள். சாதாரண பெட்ரோல் காருக்கு நேர்மாறு. அடைப்பதற்கு ஓட்டை அதிகம் இருக்கும் இடத்தில்தானே மிச்சமும் அதிகம்!

இப்போது படகுக்கு வருவோம். காயலில் சிக்னல் இல்லை. படகுக்கு பிரேக் இல்லை. வேகத்தைத் தண்ணீரே தின்றுவிடுகிறது, பேட்டரிக்குத் திருப்ப எதுவும் மிஞ்சுவதில்லை. பாய்மரப் படகு மட்டும் விலக்கு: காற்றில் ஓடும்போது தண்ணீர் புரொப்பெல்லரைச் சுற்ற, மோட்டார் ஜெனரேட்டராக மாறிக் கொஞ்சம் சார்ஜ் ஏற்றும். மற்றபடி, கடலில் ஒரே வேகத்தில் மணிக்கணக்காகப் போகும் படகின் டீசல் இன்ஜின் ஏற்கெனவே தனக்குப் பிடித்த சுமையில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. அடைக்க ஓட்டையே இல்லை.

மாறாக, புதிய செலவு வரும். இன்ஜின் ஜெனரேட்டரைச் சுற்றி, ஜெனரேட்டர் மின்சாரம் தந்து, அது மின்னணுப் பெட்டி வழியாக மோட்டாருக்குப் போய், மோட்டார் புரொப்பெல்லரைச் சுற்ற வேண்டும். கைமாறும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு தரகர் நிற்கிறார். ஜெனரேட்டர் நூற்றுக்கு ஐந்து எடுப்பார், மின்னணுப் பெட்டி இரண்டோ மூன்றோ, மோட்டார் இன்னொரு ஐந்து. மொத்தம் பத்து, பன்னிரண்டு போச்சு. நேரடியாக கியர் பெட்டி வைத்தால் மூன்றோடு முடிந்திருக்கும்.

ஒரு ருஷ்யக் கப்பலும் ஒரு ஹோண்டா காரும்

இந்தத் தரகுப் பிரச்சினையை முதலில் சந்தித்தது கார்க்காரர்கள் அல்ல. 1903இல் நோபல் சகோதரர்களின் எண்ணெய் நிறுவனம் வோல்கா ஆற்றில் "வண்டால்" என்ற எண்ணெய்க் கப்பலை இறக்கியது. பரிசு நிறுவிய ஆல்ஃபிரட் நோபலின் அண்ணன்கள் ருஷ்யாவில் தொடங்கிய நிறுவனம் அது. கப்பலில் தலா 120 குதிரைத்திறனில் மூன்று டீசல் இன்ஜின்கள். அன்றைய டீசல் இன்ஜினுக்குப் பின்னால் சுற்றத் தெரியாது, வேகத்தைக் கூட்டிக் குறைப்பதும் கஷ்டம். ஆற்றில் முன்னும் பின்னும் நகர முடியாத கப்பலை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அதனால் இன்ஜின்கள் ஜெனரேட்டர்களை மட்டும் சுற்றும்படி வைத்து, புரொப்பெல்லர்களை மின் மோட்டார்களிடம் விட்டார்கள். ஸ்விட்சைத் திருப்பினால் முன்னே, மாற்றினால் பின்னே. டீசலில் ஓடிய முதல் கப்பல்களில் ஒன்று பிறக்கும்போதே டீசல்-மின்சாரக் கப்பலாகத்தான் பிறந்தது.

கப்பல் நன்றாக ஓடியது. ஆனால் நீண்ட பயணம் முழுக்க தரகு கொடுத்துக்கொண்டே போக வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டே, 1904இல், "சர்மாத்" என்ற இன்னொரு கப்பல் வந்தது. அதில் சின்ன மாற்றம். முன்னோக்கிச் சீராகப் போகும்போது ஒரு கிளட்ச் இன்ஜினை நேரடியாகப் புரொப்பெல்லரோடு பிணைத்துவிடும், மின்சாரம் ஓய்வெடுக்கும். கிளம்பும்போதும் பின்வாங்கும்போதும் மட்டும் மின் மோட்டார் வேலைக்கு வரும்.

இதைப் படித்தபோது எனக்கு ஹோண்டா சிட்டி ஹைபிரிட்தான் நினைவுக்கு வந்தது. 2022இல் இந்தியாவுக்கு வந்த அந்தக் காரில், ஊருக்குள் ஓடும்போது இன்ஜின் ஜெனரேட்டரை மட்டும் சுற்றும், சக்கரத்தைச் சுற்றுவது மின் மோட்டார். நெடுஞ்சாலையில் சீரான வேகம் பிடித்ததும் ஒரு கிளட்ச் விழுந்து இன்ஜின் நேராகச் சக்கரத்தோடு பிணைந்துகொள்ளும். ஹோண்டா பொறியாளர்கள் வோல்கா கப்பலைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள் என்று சொல்லவில்லை. 118 ஆண்டு இடைவெளியில் இரண்டு கூட்டமும் ஒரே கணக்கைப் போட்டு ஒரே விடைக்கு வந்திருக்கிறது: சுமை ஏறி இறங்கினால் மின்சாரம், சுமை சீராக இருந்தால் நேர்ப்பிணைப்பு.

அப்படியானால் தண்ணீரில் ஹைபிரிட் எங்கே பிழைக்கும் என்பதும் இதிலேயே இருக்கிறது. சுமை ஏறி இறங்கும் கப்பலைத் தேட வேண்டும். துறைமுகங்களில் பெரிய கப்பல்களை இழுத்துக் கட்டும் டக் படகு அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நாலாயிரம், ஐயாயிரம் குதிரைத்திறன் வைத்துக்கொண்டு பெரும்பாலான நேரம் கப்பலுக்காகக் காத்துக்கொண்டு நிற்கும் அல்லது மெதுவாக நகரும். முழுத் திறனும் தேவைப்படுவது ஒரு வேலையில் சில நிமிடம்தான். சிக்னலில் நிற்கும் காரின் கதைதான் இது. 2009இல் அமெரிக்காவின் ஃபாஸ் நிறுவனம் "கரோலின் டொரத்தி" என்ற ஹைபிரிட் டக் படகைக் கொண்டுவந்தது. 2022இல் நியூசிலாந்தின் ஆக்லாந்து துறைமுகம் இன்ஜினை நம்பாமல் சுமார் 2,800 யூனிட் பேட்டரியிலேயே ஓடும் "ஸ்பார்க்கி"யை வாங்கியது; 70 டன் இழுவிசை. டீசல் டக் படகுக்கு அது சளைத்ததல்ல.

இந்தியாவிலும் துறைமுக டக் படகுகளைப் பசுமை வகைக்கு மாற்றும் திட்டம் 2024இல் அறிவிக்கப்பட்டது. முதல் கட்டத்தில் இருக்கும் நாலு துறைமுகங்களில் தூத்துக்குடி வ.உ.சிதம்பரனார் துறைமுகமும் ஒன்று. அதே தூத்துக்குடியில்தான் 2025 ஆகஸ்டில் வின்ஃபாஸ்ட் மின்சாரக் கார் ஆலை திறக்கப்பட்டது.

உல்லாசக் கப்பலுக்குக் காரணம் வேறு. அது மிதக்கும் ஓட்டல். ஏசி, சமையலறை, விளக்கு, லிஃப்ட் என்று நின்றிருந்தாலும் மின்சாரம் தேவை. புரொப்பெல்லருக்கு ஒரு இன்ஜின், விளக்குக்கு ஒரு இன்ஜின் என்று பிரிக்காமல், கப்பலையே ஒரு மின் நிலையமாக வைத்து எது தேவையோ அதற்குத் திருப்பிவிடுகிறார்கள். "குயின் எலிசபெத் 2" கப்பல் 1987இல் நீராவியைக் கைவிட்டு ஒன்பது டீசல் இன்ஜின்களுக்கும் இரண்டு பெரிய மின் மோட்டார்களுக்கும் மாறியது அப்படித்தான். தேவைக்கு ஏற்ப ஐந்தை ஓட்டலாம், ஏழை ஓட்டலாம். தரகு போனால் போகட்டும், வரவு அதைவிடப் பெரிது.

நேரம் தவறாத படகு

இனி முழு மின்சாரம். பெரிய பேட்டரி செய்து வென்றவர்களைவிட, சரியான பாதையைத் தேர்ந்தெடுத்து வென்றவர்களே அதிகம் என்பது என் எண்ணம்.

2015இல் நார்வேயின் சோக்னே ஃபியோர்டில் (மலைகளுக்கு நடுவே உள்ளே நுழையும் கடல்), லாவிக் என்ற ஊருக்கும் எதிர்க்கரைக்கும் இடையே "ஆம்பெர்" என்ற கப்பல் ஓடத் தொடங்கியது. 120 கார்களை ஏற்றும். கிட்டத்தட்ட 6 கிலோமீட்டர் தூரம், 20 நிமிடம். ஒரு தடவை கடக்க 150 யூனிட் ஆகும். கப்பலில் இருக்கும் பேட்டரியோ சுமார் 1,000 யூனிட். ஏன் இவ்வளவு அதிகம்? பேட்டரியை அடிவரை உறிஞ்சி மறுபடி நிரப்பினால் சீக்கிரம் செத்துவிடும். மேலாக்க எடுத்து மேலாக்க நிரப்பினால் ஆண்டுக்கணக்கில் வரும். நாளுக்கு 34 தடவை கடக்கும் கப்பலுக்கு இது உயிர்நாடி.

அதைவிட சுவையான சிக்கல் கரையில் இருந்தது. கார்கள் ஏறி இறங்கும் பத்து நிமிடத்துக்குள் 150 யூனிட்டை ஏற்ற வேண்டும் என்றால் 900 கிலோவாட் வேகத்தில் மின்சாரம் பாய வேண்டும். இரண்டு கரையிலும் இருப்பவை சின்ன ஊர்கள். அவ்வளவு கரண்ட்டை ஒரேயடியாக இழுத்தால் ஊர் விளக்கு மங்கும். நம் வீட்டு மேல்நிலைத் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். குழாயில் தண்ணீர் நூல் மாதிரி வந்தாலும் நாள் முழுக்கத் தொட்டியில் நிரம்பும். தேவைப்படும்போது திறந்தால் கொட்டும். அதே போல இரண்டு கரையிலும் ஒரு பேட்டரியை வைத்தார்கள். கப்பல் நடுநீரில் இருக்கும்போது அது ஊர் மின்சாரத்திலிருந்து மெதுவாகக் குடித்துக்கொண்டிருக்கும். கப்பல் வந்து நின்றதும் தன்னிடம் உள்ளதைக் கொட்டிவிடும். இதற்குப் பின்னால் நார்வேயில் மின்சாரக் கார்ப்படகுகள் பல பத்தாகப் பெருகின. புதிய படகுச் சேவைக்கு ஒப்பந்தம் விடும்போதே மாசு குறைந்த கப்பல் வேண்டும் என்று அரசு நிபந்தனை போட்டது அதற்கு ஒரு காரணம்.

இந்தியாவில் இந்தக் கணக்கை முதலில் சரியாகப் போட்டவர்கள் மலையாளிகள். 2017 ஜனவரியில் கேரள நீர்ப் போக்குவரத்துத் துறை வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே "ஆதித்யா" என்ற சூரிய மின் படகை விட்டது. கொச்சியைச் சேர்ந்த நவால்ட் நிறுவனம் கட்டியது. பெரியாரை நமக்கு "வைக்கம் வீரர்" ஆக்கிய அதே வைக்கம்தான். நினைவிடம் பார்க்கப் போகிறவர்கள் அப்படியே படகுத்துறை வரை நடந்து ஒரு தடவை அக்கரை போய் வரலாம். 20 மீட்டர் நீளம், இரட்டை உடல், கூரை முழுக்க 20 கிலோவாட் சூரியத் தகடு, உள்ளே 50 யூனிட் பேட்டரி. மணிக்கு 10, 11 கிலோமீட்டர் வேகத்துக்கு 16 கிலோவாட் அளவில் போதும்.

இந்த இரட்டை உடல்தான் சூட்சுமம். இரண்டு ஒல்லியான உடல்கள் தண்ணீரைக் கத்தி மாதிரி வெட்டிப் போகும், அலை கம்மி. அவற்றின் மேல் அகலமான தளம், அதனால் பெரிய கூரை, அதனால் நிறைய வெயில். நம் வெயிலில் 20 கிலோவாட் தகடு நாளுக்கு 80 யூனிட் அளவுக்குத் தரும். அது 16 கிலோவாட்டில் ஐந்து மணி நேர ஓட்டம். மழைக்காலத்தில் கரையில் கொஞ்சம் சார்ஜ் போட்டுக்கொள்ள வேண்டும். பழைய டீசல் படகில் மோட்டாரை மட்டும் மாற்றியிருந்தால் இது நடந்திருக்காது. படகையே முதலிலிருந்து வரைந்ததால் நடந்தது.

2023 ஏப்ரலில் தொடங்கிய கொச்சி வாட்டர் மெட்ரோ அடுத்த படி. கொச்சி கப்பல் கட்டும் தளம் கட்டிய, 100 பேர் போகும் படகுகள். ஒவ்வொன்றிலும் 122 யூனிட் பேட்டரி. மணிக்கு 15 கிலோமீட்டர் அளவில் போகும். பேட்டரி லித்தியம் டைட்டனேட் வகை. கார்க்காரர்கள் இதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். ஒரே அளவு மின்சாரத்துக்கு எடை அதிகம், விலை அதிகம். ஆனால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் சார்ஜ் ஏறும், ஆயிரக்கணக்கான தடவை தாங்கும், லேசில் தீப்பிடிக்காது. மெதுவாகப் போகும் இரட்டை உடல் படகுக்கு எடை பெரிய பாரமில்லை. நாளெல்லாம் துறைக்குத் துறை சார்ஜ் ஏற்றிக்கொள்ளும் வேலைக்கு இதுதான் சரி.

அந்தப் படகில் ஒரு டீசல் ஜெனரேட்டரும் இருக்கிறது. ஹைகோர்ட் துறையிலிருந்து வைப்பின் போனபோது அது ஓடிய சத்தமே கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் போனில் பேசியதுதான் நன்றாகக் கேட்டது. பேட்டரி கைவிட்டால் கரை சேர்வதற்காக அதை வைத்திருக்கிறார்கள். கார் ஹைபிரிட்டில் இன்ஜின் தினம் உழைக்கும். இங்கே அது ஸ்டெப்னி.

தீ விஷயத்தை மூடி மறைக்க வேண்டியதில்லை. 2019 அக்டோபரில் நார்வேயில் "யுட்டரோய்னிங்கன்" என்ற ஹைபிரிட் படகின் பேட்டரி அறையில் தீப்பிடித்தது. மறுநாள் அங்கே தேங்கிய வாயு வெடித்தது. காரில் தீ வந்தால் இறங்கி ஓடலாம். நடுக்கடலில் எங்கே ஓடுவது? அதனால்தான் கப்பல் பேட்டரிக்குத் தனி அறை, தனிக் காற்றுப்போக்கி, தனித் தீயணைப்பு என்று விதிகள் கடுமை. விலை ஏறுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

வேகமும் வேண்டும், மின்சாரமும் வேண்டும் என்பவர்கள் இரண்டு வழியில் போகிறார்கள். ஒன்று, தண்ணீரை விட்டு எழும்புவது. சுவீடனின் கேண்டெலா நிறுவனத்தின் 30 பேர் படகு, அடியில் விமான இறக்கை போன்ற தகடுகளை வைத்து, உடலையே தண்ணீருக்கு மேல் தூக்கிவிடுகிறது. ஸ்டாக்ஹோமில் 2024இல் மணிக்கு 46 கிலோமீட்டர் வேகத்தில் பயணிகளை ஏற்றிப் போகத் தொடங்கியது. இன்னொன்று முரட்டு வழி: டாஸ்மேனியாவின் இன்கேட் நிறுவனம் 2025 மே மாதம் தண்ணீரில் இறக்கிய 130 மீட்டர் நீள "சைனா சோரில்லா"வில் 40,000 யூனிட் பேட்டரி. பேட்டரியின் எடை மட்டும் 250 டன்னுக்கு மேல். புவெனஸ் ஐரிஸிலிருந்து ஆற்றைத் தாண்டி உருகுவே போகக் கட்டப்பட்டது. அதுவும் கடைசியில் போகிற இடம் தெரிந்த, திரும்பி வரும் நேரம் தெரிந்த படகுதான்.

நம் கரையில்

தமிழ்நாட்டில் எது பொருந்தும் என்று கேட்டால் நான் முதலில் கன்னியாகுமரியைக் காட்டுவேன். பூம்புகார் கப்பல் கழகம் விவேகானந்தர் பாறைக்கு விடும் படகுகள் போவது அரை கிலோமீட்டர் தூரம். பகலில் மட்டும் ஓட்டம், இரண்டு பக்கமும் கட்டிய துறை, ஏறி இறங்கும் நேரம் பயண நேரத்தைவிட அதிகம். கடல் கொந்தளிப்பு உண்டு. ஆனால் அது எந்தப் படகையும்தான் நிறுத்துகிறது.

அடுத்து ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு ஏரிகள். ஜெர்மனியின் பவேரியாவில் கோனிக்ஸே என்ற மலை ஏரி இருக்கிறது. 1909இலிருந்து அங்கே சுற்றுலாப் படகு என்றால் மின்சாரப் படகுதான். ராஜ குடும்பத்தினரின் வேட்டைக்காட்டில் விலங்குகள் மிரளக்கூடாது என்பது ஆரம்பக் காரணம். அன்றைய ஈய-அமில பேட்டரியிலேயே அது சாத்தியமாயிற்று. அரை மணி நேரம் சுற்றிவிட்டு அதே இடத்துக்குத் திரும்பும் படகுக்கு இன்னும் பெட்ரோல் ஊற்றுவதற்கு, பழக்கம் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

மாமாவின் படகுக்குத்தான் இந்த எந்தச் சௌகரியமும் இல்லை. விடியற்காலை இறங்கி, கடலில் இருக்கும் நேரத்தில் மோட்டாரை நாலு மணி நேரமாவது ஓட்டுகிறார். வலை இழுக்கும் நேரம் போகச் சராசரியாக 6, 7 கிலோவாட் என்று வைத்தால் 25 முதல் 30 யூனிட். அடிவரை உறிஞ்சக் கூடாது என்பதால் 40 யூனிட் பேட்டரி வேண்டும். 250 கிலோவுக்கு மேல் வரும். இப்போது அவர் கொண்டுபோவது 15 லிட்டர் அளவுக்குப் பெட்ரோல், பதினோரு கிலோ. அதுவும் ஓட ஓடக் குறையும். பேட்டரி காலியானாலும் அதே எடைதான். அப்புறம், மீன் எங்கே என்று முன்கூட்டியே யாருக்குத் தெரியும்? ஒருநாள் பக்கத்திலேயே பாடு கிடைக்கும், ஒருநாள் இரண்டு மடங்கு தூரம் தேட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக அவர் படகு வந்து நிற்பது துறையில் அல்ல, மணலில். அலையோடு ஏற்றி டிராக்டர் வைத்து இழுக்கும் கரையில் பிளக் பாயின்ட் எங்கே வைப்பது?

இதனால் எரிபொருள் விலை சின்னப் படகுக்காரர்களை அழுத்தவில்லை என்று ஆகாது. இலங்கையில் 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லிட்டர் 87 ரூபாயிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாயானது; மண்ணெண்ணெயில் ஓடும் அவுட்போர்டுகளை நம்பியிருந்த வடக்கு மீனவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. தேவை இருக்கிறது, பொருத்தம்தான் இல்லை. காயலிலும் முகத்துவாரத்திலும் இரண்டு மணி நேரம் ஓடித் துறைக்குத் திரும்பும் படகுகளுக்கு இன்றைக்கே கணக்கு ஒத்துவரும். நாள் கணக்கில் கடலில் கிடக்கும் விசைப்படகுக்கு ஹைபிரிட்கூட உதவாது. அதன் சுமை சீரானது.

இவ்வளவையும் மாமாவிடம் ஒரு மாதிரி சொல்லி முடித்தேன். மற்றதெல்லாம் காதில் விழுந்ததா தெரியவில்லை. 250 கிலோ என்றதும் மட்டும் நிமிர்ந்து பார்த்தார். "அது நாலு ஆளு கனமாச்சே. வலையை எங்க வைக்கிறது?" என்றார். இப்போதைக்கு அவர் படகு பெட்ரோலில்தான் போய் வருகிறது. கரையில் இறக்கிய மீனை ஐஸ் பெட்டியில் போட்டுச் சந்தைக்குக் கொண்டுபோவது பையனின் ஸ்கூட்டர்.